படைமுகாமிலிருந்து வரலாற்று வகுப்பறைக்கு

இராணுவ அதிகாரி ஒருவர் வரலாறு கற்பிக்க வருகிறார் என்றால், களத்தில் கண்டதையும் கேட்டதையும் சுவைபடச் சொல்வார் என்றே பலரும் எதிர்பார்க்கின்றனர். ஸ்ரீநாத் ராகவனின் எழுத்து அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதில்லை. இந்தியத் தரைப்படையில் ஆறு ஆண்டுகள் காலாட்படை அதிகாரியாக இருந்தவர் அவர். பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். இன்று ஹரியானா மாநிலம் சோனிபத்திலுள்ள அசோகா பல்கலைக்கழகத்தில் வரலாறும் பன்னாட்டு உறவுகளும் கற்பிக்கும் பேராசிரியர். 2015இல் சமூக அறிவியலுக்கான இன்ஃபோசிஸ் பரிசைப் பெற்றவர். அவருடைய நூல்களைத் தாங்கி நிற்பவை போர்க்கள நினைவுகள் அல்ல, ஆவணங்களே.

1962ஆம் ஆண்டுத் தோல்வியை எடுத்துக்கொள்வோம். அரசியல்வாதிகள் படையின் அலுவல்களில் தலையிட்டதால்தான் தோற்றோம் என்பது, ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விளக்கம். சீருடை அணிந்திருந்த ஒருவர் இதனை வழிமொழிந்திருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார்கள். ராகவன் இந்த விளக்கத்தையே கேள்விக்குள்ளாக்கினார். படைத்தலைமையின் பொறுப்பை அது மறைக்கிறது என்றும், அதிலிருந்து பெற்ற பாடமே பிழையானது என்றும் வாதிட்டார். தான் வளர்ந்த நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையைச் சோதித்துப் பார்க்கும் இந்தத் துணிவு பட்டறிவால் மட்டும் வாய்ப்பதன்று. ஆய்வுப் பயிற்சி தருவது அது. படைப்பணியின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கட்டளை தலைமையகத்திலிருந்து முன்னணிக் காவல்நிலைக்குச் சென்று சேர்வதற்குள் என்னவாகிறது என்பதை அறிந்தவர், கோப்பிடம் வேறு வகையான கேள்விகளைக் கேட்பார்.

கோப்பு கிடைத்தால்தானே கேட்பது! 1963இல் அளிக்கப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதியை 2014இல் நெவில் மேக்ஸ்வெல் இணையத்தில் ஏற்றிய பிறகும் அது மறைபொருள்தான். பாதுகாப்பு அமைச்சகம் 2021இல் அறிவித்த கொள்கை, ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் பொதுப்பார்வைக்குத் திறக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கின்படி 1962, 1965, 1971 ஆகிய மூன்று போர்களின் கோப்புகளும் எப்போதோ திறந்திருக்க வேண்டியவை. இந்தியப் போர்களின் வரலாற்றைத் தேடி ஆய்வாளர்கள் அயல்நாட்டு ஆவணக் காப்பகங்களுக்குச் செல்கிறார்கள். வங்கதேசத்தின் பிறப்பைப் பற்றி ராகவன் 2013இல் வெளியிட்ட நூலும் பல நாட்டு ஆவணங்களின் துணையோடுதான் எழுதப்பட்டது. அந்தப் பிறப்பு தவிர்க்க முடியாத ஒன்றன்று என்ற அதன் மைய வாதத்தை உள்நாட்டுக் கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு நிறுவியிருக்க இயலாது.

முன்னாள் அதிகாரிகளைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுவர வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் 'நடைமுறைப் பேராசிரியர்' என்னும் பதவியை உருவாக்கியது; தகுதியுடைய துறைகளுள் ஆயுதப்படைகளும் உண்டு. முனைவர் பட்டம் கட்டாயமில்லை. குறைந்தது 15 ஆண்டுப் பணியறிவு, அதுவும் உயர்நிலையில் இருந்தால் நன்று. மேலாண்மைக்கும் பொறியியலுக்கும் இது பொருந்தலாம். வரலாற்றுக்கு இது தலைகீழான அளவுகோல். முப்பது ஆண்டுகள் பணியாற்றிய தளபதி மிகச்சிறந்த சான்றாளராக இருக்கலாம், ஆனால் சான்றுகளை எடைபோடுவது தனித் தொழில். அவரை வகுப்பறைக்கு அழைப்பதில் தவறில்லை. அவர் சொல்வதை மாணவர்கள் குறுக்குவிசாரணை செய்யவும் கற்றிருக்க வேண்டும்.

ஆய்வுப் பயிற்சி பெறும் வயதில் படையிலிருந்து வெளியேறுபவர்கள் குறுகியகாலப் பணியாணை அதிகாரிகள். தரைப்படையில் அவர்களுடைய பணிக்காலம் பத்து ஆண்டுகள், நீட்டித்தால் பதினான்கு. அதாவது, அந்தப் பதவிக்குரிய வரம்புக்கு ஓராண்டு குறைவு. அவர்களுக்கு மறுவாழ்வு என்ற பெயரில் வழங்கப்படுவது பெரும்பாலும் மேலாண்மைப் படிப்புகளே. வரலாற்று முனைவர் பட்டத்திற்கு ஐந்தாண்டு உதவித்தொகையும், அவர்கள் அறிந்த களங்களின் கோப்புகளைத் திறந்து பார்க்கும் உரிமையும் தந்தால், வருவதற்கு ஆள் இருக்கும்.