ஒன்பதாம் திகதியும் நாமும்

ஒரே திகதியில் இரு பெரு நிகழ்ச்சிகள் நேர்ந்துவிட்டால், அதிற் கோள்களின் கை இருப்பதாக எண்ணி வியப்போர் எம்மிடையே பலர். ஆண்டுக்கு நாள்கள் 365. உலகில் நடந்தவையோ கணக்கில் அடங்கா. எந்த நாளைத் தொட்டாலும் ஒரு முடிசூட்டும் ஒரு கொலையும் அகப்படத்தான் செய்யும். ஆகவே பொருத்தத்தை நாம் வியக்கவில்லை. அகப்பட்டவற்றுள் எதை ஒரு நாடு தன் நாட்காட்டியில் எழுதிக்கொள்கிறது, எதை எழுதாது விடுகிறது என்பதே எமது கேள்வி. அதற்கு ஏப்ரல் 9 நல்லதோர் உரைகல்.

1942ஆம் ஆண்டு அந்நாட் காலை, ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. நான்கு நாள்களுக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு அடிபட்டிருந்தது. திருகோணமலையிலோ, ஒரு விமானம் எண்ணெய்க் குதமொன்றின்மீது வீழ்ந்து மோத, மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்தது. முன்னிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்ட 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானியக் கப்பல், மட்டக்களப்புக் கடலில் 307 பேருடன் அமிழ்ந்தது. விமானந்தாங்கி என்றே முதன்முதல் வரைந்து கட்டத் தொடங்கிய கப்பல் அது. மூழ்கிய வேளை அதன் தளத்தில் ஒரு விமானந்தானும் இல்லை! பேரரசுகளின் பாதுகாப்பில் இருந்தோம் என்று பெருமை பேசுவோர் இதனைச் சற்றே நினைத்துப் பார்ப்பாராக.

அதே 1942, அதே ஏப்ரல் 9: பிலிப்பைன்ஸ் நாட்டின் பட்டான் தீபகற்பத்தில் ஏறக்குறைய 75,000 பிலிப்பினோ, அமெரிக்க வீரர்கள் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். சோறும் நீருமின்றி வெயிலில் நடத்திச் செல்லப்பட்ட அவர்களில் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர். இன்று பிலிப்பைன்சில் அது பொது விடுமுறை. வீரத்தின் நாள் என்பது அதன் பெயர். வென்ற நாளையன்றி, தோற்றுத் துயருற்ற நாளைக் கொண்டாட ஒரு நாடு நாணவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1948 ஏப்ரல் 9 அன்று கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவின் தெருவில், மக்கள் தலைவர் கைத்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரம் எரிந்தது, நாடெங்கும் உள்நாட்டுக் கொலைவெறி பரவியது. அதே நாளில் பலஸ்தீனத்தின் டெய்ர் யாசீன் கிராமத்தில் நூறளவினர் கொன்று குவிக்கப்பட்டனர். அதனை நினைவில் வைத்திருக்கப் பலஸ்தீன மக்களுக்கு எவருடைய ஆணையும் வேண்டியிருக்கவில்லை. கொலம்பியாவோ 2011ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றி, ஏப்ரல் 9ஐ உள்நாட்டுப் போரிற் பாதிக்கப்பட்டோர் அனைவரையும் நினைவுகூரும் தேசிய நாளாக்கியது. கெரில்லாப் படையுடன் சமாதானம் கையொப்பமானது 2016இல். அதாவது, துப்பாக்கிகள் ஓயுமுன்பே இறந்தோருக்காக அழும் உரிமை சட்டமாயிற்று.

இனி எமது பக்கம் வருவோம். திருகோணமலை நகரிலிருந்து இறக்கக்கண்டிக்குச் செல்லும் நிலாவெளி வீதியில் ஒரு போர் மயானம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் மாண்ட பொதுநலவாயப் படையினரின் கல்லறைகள் அங்கே வரிசையாய், களை பிடுங்கிப் பேணப்பட்டுக் கிடக்கின்றன. அதற்கு நாம் பொறாமைப்படவில்லை; இறந்தவனுக்கு ஒரு கல் வேண்டும். அவ்வீதியில் இன்னும் வடக்கே போனால் இறக்கக்கண்டி. தமிழரும் முஸ்லிம்களும் கடலையும் களப்பையும் நம்பி வாழும் அக்கரையோரத்தை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வாரிச் சென்றது. அந்நாளைத் தேசிய பாதுகாப்பு தினம் என்று அரசு வகுத்தது; ஆண்டுதோறும் காலை 9.25க்கு நாடு இரண்டு நிமிடம் மௌனமாய் நிற்கிறது. நன்று. பேரரசின் போரில் மாண்டவனுக்குக் கல் உண்டு. கடலில் மாண்டவனுக்கு நாள் உண்டு. உள்நாட்டுப் போரில் மாண்ட எம் குடிமக்களுக்கு என்ன உண்டு?

மே 19இல் படையினரை நினைவுகூர அரசு விழா எடுத்து வந்திருக்கிறது. அதற்கு முந்திய நாளில் முள்ளிவாய்க்காலை நினைக்கும் மக்களுக்கோ, நீதிமன்றத் தடையாணையும் காவலரின் குறிப்பேடும் கிடைத்து வந்திருக்கின்றன.

2022 ஏப்ரல் 9. திருகோணமலை குண்டு வீச்சுக்குச் சரியாக 80 ஆண்டு. அன்றுதான் கொழும்பு காலிமுகத்திடலில் இளைஞர் திரண்டு கூடாரமடித்தனர். எண்ணெய்க்கு மைல் நீள வரிசை. திருகோணமலையிலோ 99 குதங்கள்! அவற்றை எவர் எத்தனை வைத்துக்கொள்வது என்ற ஒப்பந்தம் அவ்வாண்டு ஜனவரியிற்றான் கையொப்பமாகியிருந்தது. மே 9இல் பிரதமர் பதவி துறந்தார். மறுநாள் அவர் அடைக்கலம் புகுந்த இடம் எது? திருகோணமலைக் கடற்படைத் தளம். எமது துறைமுகம் ஆள்வோருக்கு என்றும் பயன்பட்டே வந்திருக்கிறது.

ஆயினும் அத்திடலில் நடந்த ஒன்றை நாம் மறக்கவொண்ணாது. 2022 மே 18 அன்று, சிங்கள இளைஞரும் உடனிருக்க, அங்கே விளக்கேற்றிக் கஞ்சி வழங்கப்பட்டது. தலைநகரின் நெஞ்சில் நடந்த அந்நிகழ்ச்சியால் நாடு பிளந்துவிடவில்லை. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம், எமது திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அதே கஞ்சியை வழங்கியதற்காகப் பெண்கள் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர்! கொழும்பிற் குற்றமல்லாத கஞ்சி கொட்டியாரத்தில் எப்படிக் குற்றமாயிற்று?

புலிகளுக்கு உயிரூட்டும் முயற்சி இது என்று சிலர் சொல்வர். உப்பும் அரிசியும் நீருமாய் அக்கஞ்சியைக் குடித்தவர்கள் பதுங்குகுழிகளிற் கிடந்த குழந்தைகளும் கிழவிகளுமே. அவர்களுடைய பசியை நினைப்பதற்கு எந்தக் கொடியும் வேண்டியதில்லை. ஆட்சி மாறும்போது கெடுபிடி தளர்வதும் பின்னர் இறுகுவதும் எமக்குப் பழகிய கதை. ஒரு தாயின் துக்கம், ஒரு பொறுப்பதிகாரியின் அன்றைய மனநிலையிற் தொங்குவது முறையா?

இன்னுமொரு விடுமுறை நாளை நாம் வேண்டவில்லை. விடுமுறைகளுக்கு இந்நாட்டிற் குறைவுமில்லை. கொலம்பியா செய்ததுபோல, எந்தத் தரப்பின் கையால் மாண்டவராயினும் அவரைப் பொதுவெளியில் நினைவுகூரும் உரிமையைப் பாராளுமன்றம் சட்டமாக்கட்டும். இறக்கக்கண்டியிலிருந்து சம்பூர் வரை எமது பாடசாலைகளில், 1942 ஏப்ரல் 9 இம்மண்ணில் என்ன செய்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வலயக் கல்வி அலுவலகங்கள் ஏற்பாடு செய்யட்டும். அடுத்த மே பிறக்குமுன்னர், தடையாணை கோரி நீதிமன்றம் செல்லலாகாது என்று காவல் நிலையங்களுக்கு எழுத்தில் அறிவித்தல் போகட்டும்.