தாராவிப் பிள்ளைகளின் பாட்டு

“பள்ளி மலரில் சினிமாப் பாட்டுக்கு என்ன வேலை?” என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நாங்கள் எழுதப் புகுந்தது ஒரு கதாநாயகரைப் பற்றி அன்று. நம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள் நெருங்கி வாழும் ஓர் இடத்துப் பிள்ளைகள் பாடிய பாடல்களைப் பற்றி. அவற்றை நாடு சரியாகக் கேட்கவில்லை என்பது எங்கள் குறை.

2018ஆம் ஆண்டு மே மாதம், நாங்கள் இன்னும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த நாளில், ‘காலா’ படத்தின் பாடல்கள் வெளிவந்தன. இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். மொத்தம் 9 பாடல்கள். அவற்றுள் ‘கண்ணம்மா’வை அறியாதார் இல்லை. ‘செம்ம வெயிட்டு’ கலியாண வீட்டு ஒலிபெருக்கிகளில் இன்றும் முழங்குகிறது. ஆனால் ‘தெருவிளக்கு’, ‘போராடுவோம்’ என்று இரண்டு பாடல்கள் இருப்பதாவது தெரியுமா என்று எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். பாதிப்பேர் உதட்டைப் பிதுக்கினர். அந்த இரண்டும்தாம் அத்தொகுப்பின் உயிர் என்பது எங்கள் கருத்து.

அவற்றை எழுதிப் பாடியவர்கள் ‘டோபேடெலிக்ஸ்’ என்னும் ராப் குழுவினர். (பெயரில் போதையின் வாடை வீசுகிறது, அது எங்களுக்கும் உவப்பானதன்று.) மும்பைத் தாராவியில் வளர்ந்த இளைஞர்கள். 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பர் குடியிருப்புகளில் பிறந்த ஹிப்-ஹாப் கலை, கடல் கடந்து அவர்கள் சந்துக்குள்ளும் வந்து சேர்ந்தது. தாளத்தின்மேல் பேச்சை ஏற்றிச் சொல்வதே ராப். அதற்கு வீணையும் வேண்டாம், வித்துவானும் வேண்டாம். வாயும், சொல்ல ஒரு செய்தியும் இருந்தால் போதும்.

இதைக் கேட்ட எங்கள் தோழி ஒருத்தியின் ஆச்சி சொன்னதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. திண்ணையில் கைப்பேசியை வைத்து நாங்கள் ‘போராடுவோம்’ கேட்டுக்கொண்டிருந்தோம். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்ட ஆச்சி, “ஏட்டி, கொடையில அண்ணாவி வேகம் பிடிச்சுப் படிப்பாருல்லா, அது மாதிரில்லா இருக்கு!” என்றார்கள். எவ்வளவு சரியான மதிப்பீடு! வில்லுப்பாட்டில் அண்ணாவி கதையை ஓட்ட, பின்னிருப்போர் ‘ஆமா’ போட, உடுக்கும் குடமும் அடியெடுத்துக் கொடுக்கும். இங்கேயும் ஒருவன் சொல்ல, மற்றவர் ஏற்றுச் சொல்கின்றனர். நெல்லையில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்துவின் கதையைக் குறவஞ்சியில் பாடவில்லையா? மக்கள் பாடும் வடிவத்தில் தம் செய்தியை வைப்பது நமக்குப் புதிதன்று.

‘தெருவிளக்கு’ என்ற தலைப்பே எங்களுக்குப் பாதி செய்தியைச் சொல்லிவிடுகிறது. உள்ளே கால் நீட்ட இடமில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தெருவிளக்கின் அடிதான் கூடம், அதுவே படிக்கும் அறை. ‘நிக்கல் நிக்கல்’ என்றால் இந்தியில் ‘வெளியே போ’ என்று பொருள். தாராவிப் பிள்ளைகள் தமிழையும் இந்தியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரே மூச்சில் இரண்டும் வருகின்றன. தமிழ் ஐயாவுக்கு இது வருத்தம் தரலாம். ஆயினும் அது பொய்யான கலப்பன்று. அவர்கள் வீட்டு வாசலில் புழங்கும் பேச்சு அதுவே.

நம் பக்கத்தாருக்குத் தாராவி அயலூர் அன்று. தோல் பதனிடும் வேலைக்காகவும் பிற பிழைப்புக்காகவும் நூறாண்டுகளுக்கு மேலாக நெல்லைச் சீமையிலிருந்து மக்கள் அங்கே போனார்கள். 1913இல் அங்கே பிள்ளையார் கோவில் எழுப்பியவர்கள் தமிழர்கள். படத்தில் வரும் காலாவும் திருநெல்வேலிக்காரர்தாம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி உண்டு. பெயர் சொல்லமாட்டோம். அப்பா எங்கே என்று கேட்டால் “பம்பாயில்” என்பாள். பம்பாயில் எங்கே என்றால் “மாதுங்கா பக்கம்” என்பாள். ஐந்து ஆண்டுகளாக அப்படியே நம்பியிருந்தோம். அன்று திண்ணையில் பாட்டு முடிந்ததும் தலை குனிந்தபடி, “எங்க அப்பா அங்கதான் இருக்காங்க. மாதுங்கா இல்ல, தாராவி” என்றாள். ஊரில் ஒருவர் அவளைச் ‘சேரிக்காரி’ என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து அந்தப் பெயரையே வாயில் எடுப்பதில்லையாம். நாங்கள் வாயடைத்துப் போனோம். நாங்களும் தாராவியைப் பற்றிக் கேலி பேசியவர்கள்தாமே.

2019 பிப்ரவரியில் ‘கல்லி பாய்’ என்ற இந்திப் படம் வந்தது. மும்பைச் சேரியில் ராப் பாடும் இளைஞனின் கதை. நாடே கொண்டாடியது; 2020இல் 13 பிலிம்பேர் விருதுகள் பெற்றது. அது நல்ல படம், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் தாராவியின் ராப்பை நாட்டுக்கு அதுவே முதலில் காட்டியது என்று பேசுகிறார்களே, அதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. அதற்கு ஒன்பது மாதம் முன்பே, நடிகர் வாயசைக்க அன்று, தாராவிப் பிள்ளைகளே தங்கள் சொல்லில் தமிழில் பாடியாயிற்று. ரஜினி படம் என்ற பெரிய குடையின் நிழலில் அவர்கள் முகம் தெரியாமல் போயிற்று.

குறையும் உண்டு. ‘செம்ம வெயிட்டு’ தொடக்கம் முதல் கதாநாயகர் புகழ்தான். அதில் பாடகர்களின் சொந்தச் செய்தி கரைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று. ‘கண்ணம்மா’வில் தீயின் குரல் உருக வைக்கிறது, உண்மைதான். ஆனால் ராப் பாடல்களில் ஒரு பெண்பிள்ளை முன்னின்று சொல்லவில்லையே! குழாயடியில் தண்ணீருக்கு நிற்பவள் அவள்; சொல்ல அவளுக்குத்தான் அதிகம் இருக்கும்.

‘போராடுவோம்’ நில உரிமையைப் பற்றிய பாட்டு. அது பழங்கதை ஆகிவிடவில்லை. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு 2022இல் ஏலம் முடிந்து, வேலையும் தொடங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு கிடைக்கும். பின்னால் வந்தோரும் மாடியில் இருப்போரும் தாராவிக்கு வெளியே போக வேண்டும். எங்கள் தோழியின் அப்பா இருப்பது ஏணி வைத்து ஏறும் மாடியறை, அதுவும் வாடகைக்கு. தொழிலோ கீழே, அதே சந்தில். விடுமுறையில் அவள் போனபோது, சுவரில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்களாம்.

இவ்வாண்டு விழாவில் ‘தெருவிளக்கு’ பாட்டை வில்லும் குடமும் வைத்துப் பாட மதர் அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். முன்னின்று சொல்லப்போகிறவள் அவள்தான். முதலில் பாட்டின் வரிகளை எழுதிக் கொண்டுவாருங்கள் என்று மதர் சொல்லியிருக்கிறார்கள். அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள்.