நற்சான்றும் கண்சாட்சியும்

பரிந்துரைக் கடிதம் என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதற்கண் எழுவது, பதினோராந் திருமுறையின் தொடக்கத்தே வைக்கப்பெற்ற திருமுகப் பாசுரமாகும். மதுரைத் திருவாலவாயுடைய இறைவன், யாழ் வல்ல பாணபத்திரரின் பொருட்டுச் சேரமான் பெருமாளுக்கு விடுத்தருளியதாக நம் முன்னோர் போற்றும் கடிதம் அது. அளவிற் சிறியது. எழுதுவோன் யார், எங்குள்ளான் என்பதை அது சொல்லுகிறது. பெறுவோன் யார் என்பதைச் சொல்லுகிறது. வருவோன் பயின்ற தொழில் யாழ் என்பதையும், அவனுக்கும் தனக்கும் உள்ள தொடர்பு யாது என்பதையும், அவன் எதன்பொருட்டு வருகிறான், அவனுக்குச் செய்யவேண்டுவது என்ன என்பதையும் சொல்லி முடிகிறது. வருவோனுக்குச் சூட்டிய புகழ்மாலை அதில் இல்லை. வகுப்பிற் பலமுறை இப்பாசுரத்தைக் கற்பித்த நான், அது எனக்கும் ஒரு பாடம் என்பதை அண்மையிலேதான் உணர்ந்தேன். அதனை நம் கல்லூரியின் யூபிலி மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் எடுத்துரைக்க விழைகிறேன்.

மலையகத்தில் வாழும் நம்மவர் முதலில் அறிந்த கடிதம் வேறொன்று. அதன் பெயர் துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளியிடம், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. அதில் அவன் உழைப்பைப் பற்றியோ கைத்திறனைப் பற்றியோ ஒரு சொல் இராது. கடன் மட்டுமே இருக்கும். 1921ஆம் ஆண்டிற் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் தாளைப் பற்றிய அச்சம் ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டப்படி விண்ணப்பித்தோர், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. லயத்து அறையிற் பிறந்து கொழுந்துக் கூடையுடன் வளர்ந்தவரிடம் அதற்கான பத்திரம் ஏது? வாழ்ந்தமை உண்மை, வாழ்ந்தமைக்குச் சான்று இல்லை. அக்குறை முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வரலாற்றினால் நம்மிடையே ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. கடிதம் வேண்டுமெனின் பெரிய கையொப்பத்தைத் தேடுகிறோம். முன்னாளில் துரையையும் பெரிய கங்காணியையும் நாடினோம். இந்நாளில் அரசியற் பிரமுகரையும் சமாதான நீதவானையும் நாடுகிறோம். கையொப்பமிடுபவர் நம்மை அறிவாரா என்று வினவுவதில்லை. அவ்வழக்கம் இன்று நம் பிள்ளைகளின் வழியை எவ்வாறு மறிக்கிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன்.

பொல்பிட்டியப் பகுதியிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து படித்த மாணவர் ஒருவர். 1969ஆம் ஆண்டு முதல் நாட்டுக்கு மின்சாரம் வழங்கும் நீர்மின் நிலையம் உள்ள ஊர் அது. அவருடைய வீட்டில் இரண்டு பசுக்கள் இருந்தன. மிருக வைத்தியராக வேண்டும் என்பதே அவர் விருப்பம். நம் நாட்டில் அக்கல்விக்கு உரிய இடம் பேராதனைப் பல்கலைக்கழகம். அங்கே செல்லக் கடிதம் எதுவும் வேண்டியதில்லை. உயர்தரப் பரீட்சையில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் பெறும் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் முடிவு செய்யும். பல்கலைக்கழக அனுமதிக்காக அப்பரீட்சைக்கு மூன்று முறையே தோற்றலாம். அவர் மும்முறையும் தோற்றினார். மும்முறையும் சிறிது குறைந்தது. பின்னர்ப் பால் சேகரிப்பு நிலையம் ஒன்றிற் சில ஆண்டு பணி செய்தார். குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, பால்பண்ணையில் உழைத்துக்கொண்டே விலங்கு விஞ்ஞானம் பயின்று பட்டமும் பெற்றார். முப்பது வயதைக் கடந்த நிலையில், பழைய ஆசையை விடாது, அங்குள்ள மிருக வைத்தியக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க முனைந்தார்.

அங்கே முறை வேறு. பெறுபேற்றுடன் பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும், பொதுவாக மூன்று. கற்பித்த ஒருவர், தம்முடன் வைத்து வேலை வாங்கிய மிருக வைத்தியர் ஒருவர் எனக் குறித்துக் கேட்கும் கல்லூரிகள் பல. எழுதுபவர் அக்கடிதத்தை விண்ணப்பகாரர் கையிற் கொடுப்பதில்லை. இணையத்தின் வழியே நேராக அனுப்புகிறார். எத்தனை காலமாக, எந்த நிலையில் இவரை அறிவீர் என்பது அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி. கடிதத்தைப் பார்வையிட மாணவருக்கு 1974ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உரிமை அளித்துள்ளது. ஆயினும் அவ்வுரிமையைக் கைவிடுவதாக விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுப்பதுதான் பெருவழக்கு. மறைவில் எழுதப்பட்டதையே தெரிவுக் குழுவினர் மனம் நம்பும் என்பது காரணம்.

அந்த மாணவருக்கு இரண்டு கடிதங்கள் அங்கேயே கிடைத்தன. மூன்றாவதற்கு யாரைக் கேட்பது என்று திகைத்தார். ஊரிலுள்ள பிரமுகர் ஒருவரிடம் வாங்குமாறு உறவினர் சொல்லியிருக்கின்றனர். அவரோ என்னை நினைத்துத் தொலைபேசியிற் கேட்டார். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். அன்றிரவே எழுதினேன். நல்லொழுக்கம் உடையவர், பணிவு மிக்கவர், ஆசிரியர் சொற் கடவாதவர், எப்பணியையும் திறம்படச் செய்ய வல்லவர் என்றெல்லாம் எழுதி, சம்பந்தப்பட்ட யாவருக்கும் என்று தலைப்பிட்டு, ஆங்கில ஆசிரியரைக்கொண்டு மொழிபெயர்ப்பித்து அனுப்பினேன்.

இரண்டு நாட் கழித்து அவர் மெல்லிய குரலிற் சொன்னார்: “சேர், கோவிக்கக் கூடாது. இது இங்கே செல்லாதாம். நீங்கள் நேரே பார்த்தது என்னவென்று எழுத வேண்டுமாம்.”

நான் எழுதியதை மீண்டும் எடுத்து வாசித்தேன். பெயரை மாற்றினால் அக்கடிதம் நான் கற்பித்த எந்த மாணவருக்கும் பொருந்தும். கணக்காளர் வேலைக்கும் பொருந்தும்; கடை வேலைக்கும் பொருந்தும். யாழ் பயின்றவன் என்ற ஒரு சொல் திருமுகப் பாசுரத்தில் உண்டு. என் கடிதத்திலோ மாடு என்ற சொல்லே இல்லை.

நினைவைத் தூண்டுவதற்காக அவர் தம் பழைய கட்டுரைக் கொப்பியின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினார். ‘எங்கள் வீட்டுப் பசு’ என்பது நான் கொடுத்த தலைப்பு. ஏனையோர் பசு சாதுவான பிராணி என்று தொடங்கி எழுதியிருப்பர். இவர் எழுதியது வேறு. கன்று ஈன்ற மறுநாட் காலை பசு எழவில்லை, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடந்தது, காதுகள் குளிர்ந்திருந்தன. கண்ணூறு என்றார் பாட்டி. அரசாங்க மிருக வைத்தியர் வந்து சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று சொல்லிக் கழுத்து நரம்பில் மருந்து ஏற்றினார். மருந்துப் போத்தலை இளஞ்சூடான நீரில் வைத்துக் கொடுத்தவர் இவர். எத்தனை மணிக்கு மருந்து ஏறியது, எத்தனை மணிக்குப் பசு எழுந்தது என்பனவெல்லாம் அதில் இருந்தன. அதன் கீழே சிவப்பு மையில், என் கையெழுத்தில், இவ்வாறு காணப்பட்டது: ‘வருணனை போதாது. உவமைகள் சேர்க்க.’

அச்சிவப்பு எழுத்தைக் கண்டு நாணினேன். வருங்கால வைத்தியரின் கண் அக்கட்டுரையில் விழித்திருந்தது. நான் அதற்குப் புள்ளி குறைத்திருந்தேன். அவரை மாட்டுக் கொட்டிலில் நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆகவே அவருக்காகச் சாட்சி சொல்லத் தக்கவன் நானல்லேன். அந்த அரசாங்க மிருக வைத்தியரே. பிற்காலத்திற் பால் நிலையத்தில் இவர் பணி செய்தபொழுதும் அவரோடு லயம் லயமாகச் சென்றவர் இவர். ஆனால் வைத்தியர் ஓய்வு பெற்று எங்கோ போய்விட்டார். நம் பழைய மாணவர் ஒருவர், கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திற் பணியாற்றுபவர், விசாரித்துக் கண்டுபிடிப்பதற்கு மூன்று வாரம் சென்றது. நான் தொலைபேசியிற் பேசினேன். அவர் சிங்களப் பெரியவர்; தமிழ் நன்றாகப் பேசுவார். பெயரைச் சொன்னபொழுது அவருக்கு நினைவு வரவில்லை. போத்தலை நீரில் வைத்த பையன் என்றவுடன், “அவனா? கேள்வி கேட்டே என்னைக் களைக்கப் பண்ணினவன்” என்று சிரித்தார். விண்ணப்ப முடிவு நாளுக்கு நான்கு நாள் முன்னதாக அவர் கடிதம் போய்ச் சேர்ந்தது. அதில் என்ன எழுதினார் என்பதை நான் அறியேன், மாணவரும் அறியார். தெரிவின் முடிவும் இன்னும் வரவில்லை.

இதிலிருந்து நான் கொண்ட கருத்து ஒன்றே. நற்சான்று என்பது கண்டவன் சொல்லும் சாட்சி. எழுதுபவரின் பதவி அதற்கு வலுவூட்டாது. அவர் அருகில் நின்று கண்டமையே வலுவூட்டும். ஒருவனை ஆராய்ந்து தெளியும் முறையைத் திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமாகவே வகுத்தார். ஆராயாது எழுதும் கடிதம் மாணவனுக்கும் உதவாது. எழுதியவரின் அடுத்த கடிதத்தையும் நம்பத்தகாததாக்கும். ஆகவே, போதிய அளவு அறியாத மாணவனுக்கு எழுத மறுத்து, அறிந்தவரிடம் அவனை ஆற்றுப்படுத்துவதும் ஆசிரியர் கடமையே. மறுப்பைக் கேட்டு மாணவர் மனம் நோவதும் வேண்டாம். அரைமனத்தோடு எழுதப்பட்ட கடிதம் மறுப்பினும் கொடியது.

கடிதம் கேட்கும் முறையே வேண்டாம், அது செல்வாக்குடையார்க்கே துணை செய்யும் என்பர் சிலர். அக்கூற்றில் உண்மை உண்டு. நம் பல்கலைக்கழக அனுமதியில் கடிதத்துக்கு இடமில்லாமை, அறிமுகம் ஏதுமற்ற தோட்டத்துப் பிள்ளைக்குப் பெருங் காவலாகும். நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களின் மக்கட்டொகைக்கும், 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்ட முறையை நான் குறை கூறேன். அங்கே கடிதத்தைப் புகுத்தவும் கேளேன். ஆனால் அவ்வாயில் மூன்று முறைக்கு மேற் திறவாது. காலந் தாழ்ந்து வருவோர்க்குத் திறந்துள்ள வாயில்கள் கடல் கடந்தே உள்ளன. அவை கடிதம் கேட்கின்றன. காலந் தாழ்ந்து வருதல் இத்துறைக்கு இழுக்குமன்று. 1761ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் மிருக வைத்தியக் கல்லூரியை நிறுவிய குளோட் பூர்ஷலா, அதற்கு முன் குதிரையேற்றப் பள்ளியின் தலைவராக இருந்தவர்தாமே!

அவ்வாறு வருவோர்க்கு உண்மையான இடர், சாட்சிகள் சிதறிப்போவதாகும். மலையகப் பள்ளிகளில் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்கின்றனர். அதிகாரிகள் ஓய்வு பெறுகின்றனர். பிள்ளை செய்ததைக் கண்டவர் பத்தாண்டிற் காணாமற் போகின்றனர். அன்று பத்திரமின்றி நாடிழந்தோம்; இன்று சாட்சியின்றி வாய்ப்பிழக்கிறோம்.

ஆதலின் இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களை வேண்டுகிறேன். முதலாவது, அச்சிட்டாற்போன்ற ஒரேவகை நற்சான்றுப் பத்திரத்தை நம் கல்லூரி கைவிடட்டும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பதிவேட்டுப் பக்கம் ஒதுக்கி, அவர் செய்த குறிப்பிடத்தக்க செயலை, கண்ட ஆசிரியரே நாளிட்டு, ஆண்டுக்கு இரண்டு வரியேனும் எழுதி வைக்கட்டும். இரண்டாவது, மிருக வைத்தியராகவும் பண்ணை அலுவலராகவும் கால்நடைப் போதனாசிரியராகவும் உள்ள பழைய மாணவர்கள், விடுமுறையில் ஓரிரு மாணவரைத் தம்முடன் அழைத்துச் செல்லட்டும். கடிதம் எழுதுவது பின்னர், காணுவது முன்னர். மூன்றாவது மாணவர்க்கு: உங்கள் வேலையைக் கண்டவருடன் தொடர்பை அறுத்துவிடாதீர்கள். ஆண்டுக்கொரு முறை நலம் விசாரியுங்கள். கடிதம் வேண்டும்பொழுது இரண்டு மாதம் முன்னதாகக் கேளுங்கள். நீங்கள் செய்தவற்றை நாளுடன் குறித்துக் கொடுங்கள். புகழ்மொழிகளை அவரிடமே விட்டுவிடுங்கள். கொப்பிகளையும் எறியாதீர்கள்.

என் மேசைமீது இப்பொழுது கட்டுரைக் கொப்பிகள் அடுக்கியிருக்கின்றன. சிவப்புப் பேனாவைத் திறக்குமுன், இப்பிள்ளை எதனைக் கண்டிருக்கிறது என்று ஒருமுறை வாசிக்கிறேன். உவமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.