கடலுக்கு வேலி

ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியரான என் நண்பரொருவர், ரொறன்ரோவில் வாழும் மகனின் உபயத்தில், கரீபியக் கடலில் ஏழு நாள் உல்லாசக் கப்பற் பிரயாணம் செய்து மீண்டார். மீண்டவர் வாளாவிருக்கவில்லை. பதினான்கு பக்கங்களில் ஒரு பிரயாணக் கட்டுரை வரைந்து, "தக்க சஞ்சிகையொன்றிற் சேர்ப்பித்துவிடுக" என்ற குறிப்புடன் எனக்கு அனுப்பிவைத்தார். இத்தகைய பிரயாணத்தைத் திட்டமிடுவோருக்கு அது வழிகாட்டியாக அமையுமென்பது அவர் எண்ணம். கடற்கரைக்கு ஒரு நாள், கோல்ஃபுக்கு ஒரு நாள், இடங்களைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு நாள் என்று நாட்களை வகுத்துக் கொள்வதெப்படி, எதற்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும், எங்கே தொப்பி வேண்டும், எங்கே சப்பாத்து வேண்டும் என்பனவெல்லாம் அதில் உள. 'சொர்க்கம்' என்ற சொல் ஒன்பது இடங்களில் வருகிறது. ஜமெய்க்கா மக்கள் ஓரிடத்தில் வருகிறார்கள். அங்கும் அவர்கள் சிரித்துக் கொண்டிருக்கிறார்கள்.

கட்டுரையை நான் எந்தச் சஞ்சிகைக்கும் அனுப்பவில்லை. நண்பர்மீது எனக்குக் கோபமில்லை. முப்பது வருடங்கள் சோக்குத் தூளைச் சுவாசித்த ஒரு மனிதர் ஏழு நாட்கள் கடற்காற்றைச் சுவாசித்தமையைக் குறைகூற எவருக்கும் உரிமை கிடையாது. ஆனால், வரலாறு கற்பித்த ஒருவரின் கண்ணுக்கு வரலாறு தென்படாமற் போனது எங்ஙனம்? கப்பற் கம்பனி அச்சிட்டுக் கொடுத்த நிகழ்ச்சி நிரல் அவரது கண்ணைக் கட்டிவிட்டது என்பதே என் துணிபு. கடற்கரை, கோல்ஃப், காட்சி என்று அந்நிரலிற் காணப்படும் மூன்றையும் எடுத்து, அவற்றின் அடியிற் கிடக்கும் மண்ணைச் சற்றே கிளறிப் பாருங்கள். மூன்றிடத்திலும் வெளிப்படுவது ஒரே பொருள்தான்: கரும்புத் தோட்டம்.

கடற்கரையை முதலில் எடுத்துக் கொள்வோம். ஜமெய்க்காவில் 1956 இல் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. தீவின் கரையோரத்தின் மீதும் கடலடி நிலத்தின் மீதும் உள்ள உரிமைகள் யாவும் முடிக்குரியன என்று அது பிரகடனஞ் செய்தது. முடி என்பது பிரித்தானிய முடி. கடலிற் குளிப்பதற்கோ கரையில் நடப்பதற்கோ பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை எதையும் அச்சட்டம் தரவில்லை. கரையோரத்தை உபயோகிக்க விரும்பும் ஹோட்டல்காரர் அரசிடம் அனுமதிப்பத்திரம் பெற்று வேலியிட்டுக் கொள்ளலாம். 1962 இல் ஜமெய்க்கா சுதந்திரம் பெற்றது. கொடி மாறியது, கீதம் மாறியது, சட்டம் மாறவில்லை. பொதுக் கடற்கரைகள் சில உண்டு என்பது உண்மையே. ஆயினும் தன் பாட்டன் வலை வீசிய கரைக்குப் போகும் பாதையிற் காவற்காரன் நிற்பதைப் பேரன் காண்கிறான். 2021 இல் அங்கே மக்கள் கடற்கரை உரிமைக்கென ஓர் இயக்கமே தோன்றி, மாமி பே, பொப் மார்லி கடற்கரை, புளூ லகூன் முதலிய இடங்கள் குறித்து நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று. பொப் மார்லியின் பெயரைத் தாங்கிய கரைக்கே வழக்கு! அவருடைய பாட்டை எந்த ஹோட்டலிலும் இரவு முழுவதும் கேட்கலாம். அவருடைய மக்கள் குளித்த கடலுக்கு வழக்காட வேண்டும்.

பார்படோஸ் இதற்கொரு மாற்றுச் சான்று. அங்கே கடற்கரைகள் பொதுமக்களுக்குரியன. உல்லாசப் பிரயாணிகள் அதன் பொருட்டு அங்கு வராமல் நின்றுவிடவில்லை. ஆகவே வேலி இல்லையேல் வருமானம் இல்லை என்னும் வாதம் வெறும் பம்மாத்து.

நண்பர் நீராடிய கடற்கரையோ இவ்விரண்டிலும் சேராதது. அது பஹாமாஸ் தேசத்துச் சிறு தீவொன்று. முழுத் தீவும் கப்பற் கம்பனியின் கையில் இருக்கிறது. இது புதிய வழக்கமன்று. 1977 இல் நோர்வீஜியன் கம்பனி கிரேற் ஸ்ரிறப் என்னும் தீவை வாங்கியது தொடக்கம் ஒன்றன்பின் ஒன்றாக ஏனைய கம்பனிகளும் இவ்வழியிற் சென்றன. இதிலுள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். ஒரு துறைமுக நகரிற் பிரயாணி இறங்கினால் ஓர் இளநீரையேனும் தெருவோரக் கிழவியிடம் வாங்கிக் குடிப்பான். கம்பனித் தீவில் இளநீரும் கம்பனிக்கே உரியது. நண்பர் இதனைக் 'கூட்ட நெரிசலற்ற தூய்மையான தீவு' என்று எழுதியுள்ளார். கூட்டம் எப்படி இருக்கும்? அத்தேசத்து மக்களுள் அங்கே காணப்படுவோர் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்தோர்தாம்.

வேலியின் கோரத்தை உலகம் ஒருமுறை கண்ணாரக் கண்டது. ஹெய்ட்டியின் வடகரையில் லபாடி என்றொரு முனை உண்டு. றோயல் கரீபியன் கம்பனி 1980களின் நடுப்பகுதியிலிருந்து அதைக் குத்தகைக்கு எடுத்து, மதிலும் காவலும் அமைத்துத் தன் பிரயாணிகளை இறக்கி வந்தது. அது ஹெய்ட்டி என்பதைக்கூடச் சொல்லாமல், 'ஹிஸ்பானியோலா' என்ற பழைய பெயரால் மூடிமறைத்து விளம்பரஞ் செய்த காலமும் உண்டு. அடிமைகள் தாமே கிளர்ந்தெழுந்து 1804 இல் நிறுவிய குடியரசின் பெயரை உச்சரிப்பது வியாபாரத்துக்கு உகந்ததன்று போலும். 2010 ஜனவரி 12 ஆந் திகதி அந்நாட்டின் தலைநகர் பூகம்பத்தில் நொறுங்கியது. மாண்டோர் இலட்சத்துக்கு மேல் என்பதே பெரும்பாலான மதிப்பீடுகளின் முடிவு. மூன்றாம் நாள், ஜனவரி 15 இல், உல்லாசக் கப்பல் வழக்கம்போல லபாடிக்கு வந்தது. நிவாரணப் பொருள்களையும் அது கொண்டுவந்தது; அன்றைய வருவாயை நிவாரணத்துக்கு அளிப்பதாகவும் கம்பனி கூறியது. அதை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் வேலிக்கு இப்பால் மதுவும் நீச்சலும், அப்பால் தென்திசையில் இடிபாடுகளுக்குள் இன்னமும் குரல்கள். தரையிறங்க மனமின்றிக் கப்பலிலேயே தங்கிவிட்ட பிரயாணிகள் சிலர் இருந்தனர் என்பது மனித குலத்தின் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு ஒரு சிறு ஆறுதல்.

கோல்ஃபைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. ஜமெய்க்காவின் வடமேற்குக் கரையிலுள்ள ட்ரையோல் என்னுமிடம் முன்னாளிற் கரும்புத் தோட்டம்; இந்நாளிற் செல்வந்தர் கழகம். கரும்பு பிழிந்த ஆலையின் பெரிய நீர்ச்சக்கரம் கோல்ஃப் திடலுக்கு அணியாக இன்றும் நிற்கிறது. அச்சக்கரத்துக்குக் கரும்பு சுமந்தோர் எவர் என்று கேட்பார் இல்லை. கிழக்கே ரோஸ் ஹோல் தோட்டத்து நிலத்தில் 2000 ஆம் ஆண்டிற் கோல்ஃப் திடலொன்று திறந்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'வெள்ளைச் சூனியக்காரி'. பழைய நிலவுடைமை எவ்வளவு அலுங்காமற் குலுங்காமற் புதிய நிலவுடைமையாயிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. பரந்த நிலம் ஒரு சிலருக்கு வேண்டும். அதைச் செம்மையாக வைத்திருக்கப் பலர் குனிய வேண்டும். கரும்புக்கும் இதுவே விதி, புல்லுக்கும் இதுவே.

இனிக் காட்சிக்கு வருவோம். இங்கேதான் எனக்கு நண்பரோடு மெய்யான பிணக்கு.

அவருடைய கப்பல் ஃபல்மத் துறையில் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றை அண்மித்த கரும்புத் தோட்டங்களின் சர்க்கரையையும் றம்மையும் ஏற்றுமதி செய்த துறைமுகம் அது. 2011 இல் இராட்சதக் கப்பல்களுக்கென அங்கே புதிய துறை திறக்கப்பட்டது. அங்கிருந்து பேருந்தில் அவரை ரோஸ் ஹோல் பெரிய பங்களாவுக்குக் கூட்டிச் சென்றார்கள். 1770களிற் கட்டப்பட்ட துரை பங்களா அது. கட்டுரையின் பதினான்கு பக்கங்களில் மூன்று பக்கங்களை அப்பங்களாவின் பேய் விழுங்கிவிட்டது. ஆனி பாமர் என்ற துரைசாணி மூன்று கணவன்மாரைக் கொன்றாளாம், அடிமைகளை வதைத்தாளாம், ஈற்றில் ஓர் அடிமையின் கையில் மாண்டாளாம். இக்கதை பெரும்பாலும் 1929 இல் எச். ஜி. டி லிசர் எழுதிய நாவலொன்றினாற் பரவியது. ஆராய்ந்தோர் அதற்கு ஆதாரம் காணவில்லை. ஒரு துரைசாணியைச் சூனியக்காரியாக்கி விட்டால் ஏனைய துரைமார் எல்லோரும் யோக்கியராகி விடுகிறார்கள். அடிமை முறை என்னும் பெருங்கொடுமை, பைத்தியக்காரி ஒருத்தியின் தனிப்பட்ட குரூரமாகச் சுருங்கிவிடுகிறது. மர்மக் கதை எழுதி வர்க்க உண்மையை மறைக்கும் இவ்வித்தை நம் இலக்கிய உலகிற்கும் புதியதன்று.

பேய் உலாவிய பங்களாவிலிருந்து மேற்கே பத்து மைல் அளவில் மொண்டிகோ பே நகரம் இருக்கிறது. அங்கே ஒரு சதுக்கம். பேருந்து அங்கே போகவில்லை. அச்சதுக்கத்தின் பெயர் சாம் ஷார்ப். அவன் அடிமை, பப்ரிஸ்த சபையில் உபதேசஞ் செய்தவன். 1831 நத்தார்ப் பண்டிகைக்குப் பின் கூலியின்றி ஒருவரும் வேலைக்கு இறங்குவதில்லை என்று அடிமைகளை அவன் ஒன்றுதிரட்டினான். சுருங்கச் சொன்னால், அது ஒரு பொது வேலைநிறுத்தம். டிசம்பர் 27 ஆந் திகதி கென்சிங்ரன் தோட்டம் பற்றியெரிந்தது. தொடர்ந்து மேற்கு ஜமெய்க்கா முழுவதும் கிளர்ந்தெழுந்தது. ட்ரையோலும் எரிந்தது. கலகக்காரர் கொன்ற வெள்ளையர் பதினான்கு பேர். கலகம் அடக்கப்பட்டபின் மரணதண்டனைக்கு ஆளான அடிமைகள் முந்நூறுக்கு மேல். 1832 மே 23 இல் ஷார்ப்பை அந்நகரத்துச் சந்தையிலே தூக்கிலிட்டார்கள். 1975 இல் அவன் தேசிய வீரனாகப் பிரகடனஞ் செய்யப்பட்டான். தப்பியோடிய அடிமைகளை அடைத்து வைத்த 'கூண்டு' என்னும் சிறு கட்டடமும் அச்சதுக்கத்திலேயே நிற்கிறது.

நம் பாடசாலைகளில் என்ன கற்பித்தோம்? வில்பபோர்ஸ் என்னும் கருணாமூர்த்தி அடிமைத்தளையை நீக்கினார் என்று கற்பித்தோம். நண்பரும் அவ்வாறே கற்பித்தார். அவரிடம் கற்ற நானும் சிலகாலம் அவ்வாறே நம்பினேன். ஷார்ப் தூக்கிலேறி ஒரு வருடம் கழிந்தபின், 1833 இல், அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை என்று எவரும் சாதிக்க முடியாது. அச்சட்டத்தின்படி இருபது மில்லியன் பவுண் நட்டஈடு கொடுக்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தோருக்கு. அடிமைக்கு ஒரு பென்னியும் இல்லை. ஒரு முழம் நிலமும் இல்லை. 1838 வரை 'தொழில் பயிலுவோர்' என்ற பெயரில் மீண்டும் அதே துரையிடம் வேலை. இன்றைய வேலியின் முதற் கம்பம் அன்றே நாட்டப்பட்டது.

இது எங்கோ தொலைவிலுள்ள கதை என்று கருத வேண்டா. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்று அங்கே கோப்பி உற்பத்தி வீழ்ந்தபோது, ஆங்கில முதலாளிகளின் கண் இலங்கை மலைகளின் மீது விழுந்தது. ஜமெய்க்காவிற் கோப்பிப் பயிர்ச்செய்கை கற்ற ரைற்லர் என்னும் துரை 1837 இல் இங்கு வந்து, அம்முறையை நம் கண்டிச் சீமையிற் புகுத்தினான். அடிமை கிடையாத இடத்திற் கூலி வேண்டுமல்லவா? தமிழகத்திலிருந்து எம் மக்கள் நடத்திக் கொண்டுவரப்பட்டனர். ஜமெய்க்கா லயமும் மலையக லயமும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரு பக்கங்கள். துரை பங்களாவைக் கண்டு வியந்த நண்பர், நானுஓயாவுக்கு அப்பால் எத்தனை துரை பங்களாக்களைக் கண்டிருப்பார்! நுவரெலியாக் கோல்ஃப் திடலும் 1889 இலிருந்து அங்கே பச்சைப்பசேலென்று இருக்கிறது.

கப்பலைப் பற்றியும் சில வார்த்தைகள். 2024 இல் ஓடத் தொடங்கிய 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' என்ற கப்பல் ஏழாயிரத்து அறுநூறு பிரயாணிகளை ஏற்றவல்லது. பணியாளர் இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது பேர். இக்கம்பனிகளின் தலைமைக் காரியாலயங்கள் மியாமியில். ஆனால் கார்னிவல் கம்பனி பதிவு பெற்றது பனாமாவில். றோயல் கரீபியன் பதிவு பெற்றது லைபீரியாவில். இலாபம் ஓரிடம், பதிவு வேறிடம். பணியாளர் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா முதலிய ஏழை நாடுகளிலிருந்து மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வருகிறார்கள். 2013 இல் அமுலுக்கு வந்த சர்வதேசக் கடற்றொழிலாளர் உடன்படிக்கை நாளொன்றுக்குப் பத்து மணித்தியால ஓய்வைக் கட்டாயமாக்கியது. எஞ்சிய பதினான்கு மணித்தியாலமும் வேலை வாங்க அது இடமளிக்கிறது என்பதே இதன் மறுபக்கம். எட்டு மணித்தியால வேலைக்காக உயிர்நீத்தோரை மே தினந்தோறும் நினைவுகூரும் நாம் இதைக் கேட்டுச் சும்மாயிருக்கலாமா?

"கப்பல் வராவிட்டால் அத்தீவு மக்கள் பட்டினி கிடப்பார்களே" என்பார் சிலர். கப்பலை எரித்துவிடுக என்று நான் சொல்லவில்லை. யார் விதித்த நிபந்தனையின்மேல் வருகிறது என்றே கேட்கிறேன். கிரெனடா என்ற சின்னஞ்சிறு தேசம், குப்பையை அகற்றும் செலவுக்கென்று பிரயாணி ஒருவருக்கு ஒன்றரை டொலர் அறவிட்டது. கார்னிவல் கம்பனி 1999 இல் அத்தேசத்துக்குக் கப்பல் விடுவதையே நிறுத்திவிட்டது. ஒன்றரை டொலர்! கப்பலில் ஒரு கிளாஸ் பியரை அவ்விலைக்கு விற்பார்களோ? அதே கம்பனியைச் சேர்ந்த பிரின்சஸ் கப்பல்கள் எண்ணெய் கலந்த கழிவை இரகசியக் குழாய் வழியே கடலில் ஊற்றி வந்தமை, மனச்சாட்சியுள்ள புதிய எஞ்சினியர் ஒருவரால் 2013 இல் அம்பலமாயிற்று. 2016 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நாற்பது மில்லியன் டொலர் தண்டம் செலுத்த இணங்கினார்கள். அதன்பின் நன்னடத்தை நிபந்தனையையும் மீறி, 2019 இல் மேலும் இருபது மில்லியன் கட்டினார்கள். தீவு மக்களின் பட்டினிக்காகக் கண்ணீர் வடிப்போரின் கடல்நேசம் இத்தகையது.

இவற்றையெல்லாம் எழுதி, கட்டுரையை நண்பருக்கே திருப்பியனுப்பினேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்தது. அதிற் பேயைப் பற்றி ஒன்றுமில்லை. அந்தச் சதுக்கம் எத்தனை மைல் என்று மட்டும் கேட்டிருந்தார். எழுதினேன். பங்களாவிலிருந்து பேருந்து கிழக்கே திரும்பியதென்றும், மேற்கே போகும் வீதியைத் தாம் பார்த்ததாகவும், அப்பக்கம் என்ன இருக்கிறதென்று வழிகாட்டியிடம் கேட்டபோது "கடைகள்" என்று அவன் பதில் சொன்னதாகவும் மறு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.