திடன் எங்கிருந்து வருகிறது?

அச்சத்தை அறியாதவனே வீரன் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். இருளைக் கண்டு மருளும் சிறுவனைப் பார்த்து, "நீயும் ஓர் ஆண்பிள்ளையா?" என்று கேட்கும் வீடுகள் இன்றும் உள. இக்கேள்வியால் விளையும் பயன் யாது? பிள்ளை அச்சத்தை விட்டுவிடுவதில்லை. அதனை மறைத்துவைக்கவே பழகுகின்றான். மறைத்துவைத்த அச்சம் பின்னொரு நாளிற் பொய்யாகவோ, சினமாகவோ, எளியாரை வருத்தும் முரட்டுத்தனமாகவோ வெளிப்படுகின்றது.

கிறிஸ்தவ மறை காட்டும் வழி வேறு. பாடுகளுக்கு முந்திய இரவில், ஜெத்சமனித் தோட்டத்தில், இயேசுநாதர் தமது கலக்கத்தை ஒளிக்கவில்லை. தம்மோடு விழித்திருக்குமாறு சீடரை வேண்டினார். துன்பம் விலகுமாயின் விலகட்டும் என்று தந்தையிடம் மன்றாடினார். அதன் பின்பு எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தவரை எதிர்கொண்டார். அச்சத்தை இறைவனிடம் ஒப்புவித்துவிட்டுக் கடமையை நோக்கி நடத்தலே திடன் என்பதை அவ்விரவு நமக்குக் கற்பிக்கின்றது.

அவருடைய தலையாய சீடரான இராயப்பரின் வரலாறும் இத்தகையதே. அலைமேல் நடக்கத் துணிந்து, காற்றைக் கண்டு அஞ்சி அமிழ்ந்தவர் அவர். ஒரே இரவில் ஆண்டவரை மும்முறை மறுதலித்துப் பின் மனங்கசந்து அழுதவரும் அவரே. அந்த இராயப்பரையே முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் தங்கள் ஆலயத்தின் பாதுகாவலராகக் கொண்டுள்ளனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், நத்தார்ப் பெருநாளுக்கு மறுநாட் காலையில், ஆழிப்பேரலை அவ்வூரை அழித்தது. ஆலயமும் வீழ்ந்தது. ஆயினும் எஞ்சியோர் மீண்டும் கடலில் வள்ளம் இறக்கினர். பெற்ற மகவைக் கொண்டுசென்ற கடலின் மீது அச்சமின்றியா அவர்கள் சென்றிருப்பர்? அச்சத்தோடுதான் சென்றனர். அலையைக் கண்டு அஞ்சிய ஒருவரைப் பாதுகாவலராகக் கொண்ட மக்களுக்கு, அஞ்சுவது இழிவென்று தோன்ற நியாயமில்லை.

வன்னி மண்ணில் இத்தகைய திடனுக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போத்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர், அவர்களுக்குப் புகலளிப்போருக்கு மரண தண்டனை என்றும் அறிவிக்கப்பட்டது. 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் ஆலயத்துத் தேவதாயின் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு, யானையும் பாம்பும் உலவும் வன்னிக் காட்டுக்குட் புகுந்தன என்பது வழிவழி வந்த வரலாறு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிவந்தோரும் அவர்களோடு அங்கே சேர்ந்தனர். அவ்விடமே இன்றைய மடுத் திருப்பதி.

அவர்கள் வாளேந்திப் போரிட்டவர்களல்லர்; ஓடிப்போனவர்கள். ஓடினவரைக் கோழையர் என்போமா? உயிரொன்றையே பெரிதாக நினைத்திருப்பின், அத்திருச்சொரூபத்தை மாந்தையிலேயே விட்டுவிட்டு, ஆட்சியாளர் விரும்பிய மதத்தைத் தழுவி, வீட்டிலேயே சுகமாக இருந்திருக்கலாம். பகைவருக்கு அஞ்சினர், ஆனால் விசுவாசத்தைக் கைவிட அதனினும் மிகுதியாய் அஞ்சினர். ஒருவன் ஓடும்போது தன் கையில் எதனை ஏந்திக்கொண்டு ஓடுகின்றான் என்பதைக் கொண்டே அவனுடைய திடனை அளத்தல் வேண்டும்.

குருமாரின்றி வாழ்ந்த அம்மக்களைத் தேடிக் கோவாவிலிருந்து 1687ஆம் ஆண்டில் ஒருவர் இலங்கைக்கு வந்தார். கூலியாளைப் போல் வேடம் பூண்டு, நோயால் நலிந்த உடலோடு வந்த அவரே யோசேவாஸ் அடிகளார். பின்னர் 1692ஆம் ஆண்டில் கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர். 1697ஆம் ஆண்டில் அந்நகரைப் பெரியம்மை தாக்கியது. உற்றாரும் உறவினரும் நோயாளரைக் கைவிட்டு அகன்ற வேளையில், அடிகளார் அவர்களைத் தேடிச் சென்று உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். மாந்தை மக்களின் திடன் அவர்களைக் காட்டுக்குட் போகச் செய்தது. அடிகளாரின் திடன் அவரைப் போகாமல் நிற்கச் செய்தது. போவதா, நிற்பதா என்பதை அச்சம் முடிவுசெய்ய விடாமல் அன்பு முடிவுசெய்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தி, அன்றே மடுத் திருப்பதிக்கும் சென்று செபித்தார்.

மடு மீண்டும் அடைக்கலக் காடாகியது. 1990ஆம் ஆண்டு முதல், போரினால் வீடிழந்த பல்லாயிரவர் அதன் மரநிழலிற் கொட்டில் அமைத்து வாழ்ந்தனர். சைவரும் கத்தோலிக்கரும் ஒரே கிணற்று நீரை அள்ளிக் குடித்தனர். 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் அத்திருத்தலத்தின் மீதே எறிகணைகள் வீழ்ந்து, புகலிடம் தேடியிருந்தோரிற் சுமார் 40 பேர் மாண்டனர். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் போர் மிக அண்மித்தபோது, குருமார் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். மாந்தை மக்கள் அன்று நடந்த பயணமே ஏறத்தாழ 340 ஆண்டுகளின் பின் மறுபடியும் நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் திருச்சொரூபம் மடுவுக்கு மீண்டது.

அதன்பின் வந்த மாதங்கள் மிகக் கொடியவை. 2009ஆம் ஆண்டு ஜனவரியிற் கிளிநொச்சி வீழ்ந்தது. மக்கள் புதுக்குடியிருப்பு, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று கடலோரமாக ஒடுங்கினர். ஒருபுறம் எறிகணை; மறுபுறம் வெளியேற விடாத தடை. அவர்களோடு சில குருமாரும் கன்னியரும் தங்கியிருந்தனர். கிளிநொச்சியிற் பணிபுரிந்த சரத்ஜீவன் அடிகளார் இறுதிவரை மக்களோடிருந்து, மே 18ஆம் நாள் அவர்களோடு வெளியேறும் வேளையில் மாரடைப்பால் உயிர்நீத்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார், அதே நாளில் வட்டுவாகலிற் சரணடைந்தோருடன் பேருந்தில் ஏறிச் சென்றதைக் கண்டோர் உளர். அதன்பின் அவரை எவரும் கண்டிலர்.

இவர்கள் அஞ்சவில்லையென எவர் சொல்லவல்லார்? குண்டு விழும் ஓசை கேட்டால் குருவானவரின் உடலும் நடுங்கத்தான் செய்யும். பதுங்குகுழியில் தம் அருகே நடுங்கும் குழந்தையின் கையைப் பற்றியிருந்தவருக்கு அக்கையை விட்டு அகல இயலவில்லை, அவ்வளவே. விசுவாசம் அவர்களுக்கு இரும்பு நெஞ்சை அளிக்கவில்லை. தனியே விடப்படவில்லை என்னும் நம்பிக்கையை அளித்தது. அந்நம்பிக்கை பெற்றவர் பிறரையும் தனியே விட மறுத்தனர்.

இத்திடன் ஒரு மதத்தாருக்கே உரியதென்று நாம் பெருமை கொள்ளலாகாது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமலாக்கப்பட்ட தம் மக்களைத் தேடித் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தனர். அவர்களிற் சைவரும் உளர், கிறிஸ்தவரும் உளர். விபூதி அணிந்தவரும் செபமாலை ஏந்தியவரும் ஒரே பந்தலிற் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்திருந்தனர்.

மாணவச் செல்வங்களே, இத்தகைய திடன் ஆபத்து வரும் நாளில் வானத்திலிருந்து திடீரென இறங்கிவருவதன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ப்பது. வகுப்பில் எல்லோரும் ஒரு மாணவனை எள்ளி நகையாடும்போது அவன் பக்கத்தில் சென்று அமர்தல் ஒரு பயிற்சி. செய்த பிழையை ஆசிரியரிடம் மறையாது சொல்லுதல் மற்றொன்று. நோயுற்ற அயலாரின் வீட்டு வாயிலைத் தாண்டிப் போகாமல் உள்ளே நுழைந்து நலம் விசாரித்தல் இன்னொன்று. சிறியவற்றில் நிற்கப் பழகாத கால், பெரியவற்றில் நில்லாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். மாலைச் செபத்துக்குக் குடும்பமாய் முழந்தாளிடும்போது, அன்றைய அச்சத்தைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல இடங்கொடுங்கள். பரீட்சையைக் குறித்த அச்சமாயினும், தந்தை கடலுக்குச் சென்று திரும்பத் தாமதித்ததால் எழுந்த அச்சமாயினும், அதனை நகையாதிருங்கள். நீங்களும் உங்கள் அச்சத்தைச் சொல்லுங்கள். பின்பு, அச்சத்தை நீக்கும்படி மட்டும் மன்றாடாது, நாளைக்குச் செய்யவேண்டிய கடமை ஒன்றைப் பெயர் குறித்து, அதனைச் செய்யும் வலிமையைக் கேளுங்கள். விடிந்ததும் அதனைச் செய்ய எழுங்கள். உள்ளம் நடுங்கினாலும் எழுங்கள்.