51-வது ஆள் வந்தால்தான் தொட்டிலா?

சாரத்தின் மேல் சாந்துச் சட்டியோடு அம்மா. கீழே மணல் குவியலில் கைக்குழந்தை. காவலுக்கு ஆறு வயது அக்கா! பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை அது.

பஸ்சில் போகிறவர்கள் தினமும் பார்க்கிற காட்சிதான். யாரும் கண்டுகொள்வதில்லை. என்றைக்காவது குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால் நாலு வரி செய்தி. "போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகிறார்கள்." அத்தோடு சரி.

1969-ல் டெல்லியில் ஒரு பெண்மணி கண்டுகொண்டார். காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட் பக்கம் கட்டட வேலை நடந்தது. காந்தி பேரில் நடந்த வேலை. அங்கேயும் பிள்ளைகள் புழுதியில்தான் கிடந்தன! மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரம் போட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார். "மொபைல் கிரெஷஸ்" என்ற தொண்டு அமைப்பு பிறந்தது இப்படித்தான்.

கட்டடம் முடிந்து சித்தாள்கள் வேறு இடம் போனால் தொட்டிலும் கூடவே போகும். பிள்ளைக்குச் சாப்பாடு, வைத்தியம். கொஞ்சம் பெரிசுகளுக்குப் பாடம். அம்மா நடுவில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். அன்றைய கூலி போகாது. அக்காவுக்கும் விடுதலை.

சரி, ஒரு அமைப்பு எத்தனை கட்டடத்துக்குத் தொட்டில் கட்டும்? நாடு பூராவும் கட்டச் சட்டம் வேண்டும். "குழந்தையைப் பாக்கறதை விட்டுட்டு மனு எழுதறது என்னத்துக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மனு எழுதினதால்தான் கொஞ்சமாவது நடந்தது. குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்று 1989-ல் பல அமைப்புகள் கூட்டு சேர்ந்தன. கட்டடத் தொழிலாளர் அமைப்புகள் தனியே வருஷக்கணக்கில் போராடின. 1996-ல் மத்திய அரசின் சட்டம் வந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அறை கட்டாயம். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாயாவது நலநிதிக்குக் கட்ட வேண்டும்.

50 பெண்கள்! மேஸ்திரிக்குக் கணக்கு தெரியாதா என்ன? 2020-ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டத்தில் "பெண்கள்" போய் "50 தொழிலாளர்களுக்கு மேல்" என்று ஆனது. நல்லதுதான். அப்பனுக்கும் பிள்ளை உண்டே. ஆனால் நம்ம தெருவில் எழும்புகிற மூணு மாடி ஃபிளாட்டில் 51 பேர் எங்கே வேலை செய்கிறார்கள்? அங்கே இருக்கிற நாலு சித்தாளின் பிள்ளைகள் பிள்ளைகள் இல்லையா?

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. நலநிதி செலவாகாமல் கிடப்பதை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்தது.

தமிழ்நாட்டில் அந்த நிதியைப் பிளான் பாஸ் ஆகும்போதே வாங்கிவிடுகிறார்கள். வரைபடத்தில் கார் நிறுத்த இடம் எங்கே என்று கேட்கிற அதிகாரி, வேலை முடியும்வரை தொட்டில் கட்ட இடம் எங்கே என்றும் கேட்கட்டும். சின்னக் கட்டடமாக இருந்தால், நாலைந்து கட்டடத்துக்குச் சேர்த்து அந்தத் தெருவிலேயே ஒரு அறை பிடிக்கச் சொல்லட்டும். வாடகையை நலநிதியில் கொடுத்தால் என்ன?