வண்டுக்கு ஒரு சான்றிதழ்
சிலமலைப் பக்கத்து மாம்பழத்தை அறுத்தால், சில சமயம் கொட்டைக்குள்ளிருந்து கறுத்த வண்டு ஒன்று சாவகாசமாக நடந்து வரும். தோலில் ஒரு துளைகூட இருக்காது. பிஞ்சிலேயே முட்டை வைத்துவிடுகிறது தாய் வண்டு. புழு உள்ளே போன வழி காய் பெருக்கையில் தூர்ந்துபோகிறது. நம்மவர்கள் கொட்டையைத் தூர எறிந்துவிட்டுச் சதையைச் சாப்பிடுவார்கள். அமெரிக்காவுக்கு அது போதாது. 2007-ல் கதவு திறந்ததிலிருந்து, அங்கே போகும் நம் மாம்பழம் 400 கிரே கதிர்வீச்சு வாங்கியாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதிர் வண்டைக் கொன்றே தீரவேண்டும் என்பதில்லை. வண்டு உயிரோடு விமானம் ஏறி இறங்கலாம், வம்சம்தான் விருத்தியாகாது. ஆகவே பழத்தை அறுத்துப் பார்த்து எந்த அதிகாரியும் தீர்ப்புச் சொல்ல முடியாது; நம்புவதற்கு இருப்பது, கதிர் வாங்கியதற்குச் சான்றாகக் கூடவே வரும் தாள் ஒன்றுதான். 2025 மே மாதம் நவி மும்பையில் கதிரூட்டிப் போன 15 மாம்பழச் சரக்குகளை, தாள் சரியில்லை என்று அமெரிக்காவில் மறித்தார்களே, அந்தக் கோபத்தில் தாளுக்கு இருக்கும் இந்த மதிப்பை நாம் கவனிக்கவில்லை. கெடுபிடியே கூடாது என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்து 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் என்ன பாடு படுத்தியது! அதை அடக்க 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோ குளவியை அல்லவா வரவழைத்தோம். ஆனால் யாரோ தாளில் செய்த பிழைக்கு, நல்ல பழத்தை அழி, செலவையும் நீயே ஏற்றுக்கொள் என்று ஏற்றுமதியாளரிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்? அவர் அந்த நஷ்டத்தை அடுத்த பருவத்தில் தோப்புக்காரரிடம் பேசும் விலையில்தானே கழிப்பார்.